காரணம் கேட்காத அறை

சம்பந்தியைக் கைத்தாங்கலாகப் படியேற்றி, முன்னறைக் கட்டிலில் படுக்கவைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அவர் தூங்கினாரா என்று உங்களில் பலர் கவலைப்பட்டிருப்பீர்கள். நன்றாகத் தூங்கினார். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தது அவருடைய பெண்தான்.

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி என்று நான் சொல்வது ஒரு லாரி டிரைவரை. எந்த மேட்டிலும் வண்டியை நிறுத்தாமல் ஏற்றிய மனிதர். இப்போது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பெண்ணைக் கொடுத்த வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்ததால், கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மனைவியோடு அங்கேயே வந்து தங்கிவிட்டார்.

யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். மனைவிக்குச் சர்க்கரை, அவருடையதை எடுக்க முடியாது. மிச்சம் ஒரே பெண். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்து சரி என்று சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தலையாட்டியதே போதும் என்று எல்லோரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். பரிசோதனை முடிவு வர இன்னும் நாளாகும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் மாமியார்தான் நம்முடைய டெலிபோன் அம்மா. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்கப் பேசியது அவர் காது வழியாகப் போயிருக்கிறது. ஒரு வார்த்தை வாய் வழியாக வந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்.

“அத்தை, அந்தக் கண்ணாடி மூக்குல உக்காரவே மாட்டேங்குது. கழட்டுங்க, ஒரு நிமிஷம்” என்று மருமகள் கையை நீட்டினாள். கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. கைப்பையில் எப்போதும் ஊசி மாதிரி ஒரு திருப்புளி இருக்கும். ஜன்னல் ஓரமாக நின்று கண்ணாடிக் காலை லேசாக வளைத்து, திருகாணியை முடுக்கினாள்.

மகன் அலமாரிக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். “என் சாவி எங்க? யாராவது என் சாவியைப் பாத்தீங்களா?”

“உங்க மூக்குக்கு நேரா, ஆணியில தொங்குது.”

“அட, ஆமா.”

“உங்க பிள்ளைக்கும் எங்க அம்மாவுக்கும் ஒரே பார்வை அத்தை” என்றாள் மருமகள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “தூரத்துல இருக்கறது பளிச்னு தெரியும். கிட்ட வந்தா நான் கலங்கிடுவேன்.”

“என் பார்வைக்கு என்னடி குறை?” என்று சமையலறையிலிருந்து சம்பந்தி அம்மாள் குரல் கொடுத்தார்.

“ஒரு குறையும் இல்லம்மா. நீ டீயைப் பாரு, பொங்குது.”

மகன் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் திரும்பினான். லிஃப்ட் மெக்கானிக். காலை நேரத்தில் யாரையாவது சீண்டாமல் அவனுக்கு வேலைக்குப் போக வராது. “என்னம்மா, இன்னைக்கு யாருக்குத் தீர்ப்பு?”

“தீர்ப்பு இல்லடா. ஆலோசனை.”

“சம்பளம்?”

“டீ.”

“பிஸ்கட் உண்டா?”

“நல்லா பேசினா உண்டு.”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, “அப்போ சம்பந்திக்கு ரெண்டு பாக்கெட் கொடுக்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும்தான்.

*

டெலிபோன் அம்மா போன இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் இன்னும் விவரமாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் இதுதான்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், துவைத்த படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. எப்போதும் சோப்பு வாசனை. நீள மேசை, ஆளுக்கொரு மாதிரி நாற்காலி. எது சரி என்று டாக்டர்களுக்கே பிடிபடாத விஷயங்கள் அங்கே வரும். மருந்து பற்றி அல்ல, மனிதர்கள் பற்றி. நினைவில்லாதவருக்காக யார் முடிவெடுப்பது, நோயாளி கேட்காத உண்மையைச் சொல்லலாமா, இந்த மாதிரி. மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள், பாதிப் பேர் வெளியாட்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. கட்டளை போடும் அதிகாரமும் கிடையாது. கேட்டு, யோசித்து, மனதில் பட்டதைச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

டெலிபோன் அம்மா அங்கே போகத் தொடங்கியது கணவர் காலமான பிறகு. அவருடைய கடைசி நாட்களில் கட்டிலின் கால்மாட்டில் நின்று டாக்டர்கள் பேசினார்கள், உறவுக்காரர்கள் பேசினார்கள். படுத்திருந்தவரிடம் யாரும் பேசவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை டெலிபோன் அம்மாவை விடவில்லை. வெளியாட்கள் தேவை என்று ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கேட்டார். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அறைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. உள்ளே நுழைந்ததும் கைபேசியைக் கூடையில் போட்டுவிட வேண்டும். சம்பந்தப்பட்டவர் யார் என்று யாருக்கும் தெரியக்கூடாது. நோயாளிகளோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிற ஆஸ்பத்திரி ஆலோசகர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் ஆணைப் பெண்ணாக்குவார், அப்பாவை அத்தையாக்குவார், நோயையே மாற்றிவிடுவார். ஒன்றை மட்டும் மாற்ற மாட்டார்: அந்த மனிதர் சொன்ன வார்த்தைகளை. அவை வந்தபடியே வாசிக்கப்படும். இன்னொன்று: இது எனக்குத் தெரிந்தவர்போல் இருக்கிறதே என்று யாருக்குத் தோன்றினாலும், தோன்றிய கணமே எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதுவரை அவர் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

சம்பந்தி இதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் குழுவின் தலைவியிடம் டெலிபோன் அம்மா முன்பே சொல்லியிருந்தார். தலைவி ஒரு குழந்தை டாக்டர். சின்னக் குரல், பெரிய பொறுமை. “சிறுநீரகம் சம்பந்தமா எது வந்தாலும் முதல்லயே சொல்லிடறேன். நீங்க வெளிய இருந்துக்கலாம்” என்றிருந்தார்.

அன்று வந்தது சிறுநீரகம் இல்லை.

“ஒரு அண்ணன்” என்று ஆலோசகர் தொடங்கினார். இளம் பெண். பேசும்போது பேனாவை விரலில் சுழற்றும் வழக்கம். “தங்கைக்குக் கல்லீரல்ல ஒரு பகுதி கொடுக்கறதா வீட்ல பேச்சு. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது. நல்லா பொருந்துது. கடைசியா அவரைத் தனியா உக்கார வச்சுப் பேசினேன். எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டார். வீட்ல சொல்ற தைரியம் இல்லையாம். பொருந்தலன்னு நீங்களே சொல்லிடுங்கன்னு கேக்கறார்.”

“காரணம்?” என்றார் ஒருவர். சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்; எல்லோருக்கும் அவர் சட்ட வாத்தியார்.

“கேக்கல. மனசில்லன்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு மேல தோண்டறதில்ல.”

“சரி. தங்கச்சி நிலைமை?”

“காத்திருக்கலாம். ரொம்ப நாள் முடியாது.”

சட்ட வாத்தியார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “பொருந்துதுன்னு ரிப்போர்ட் சொல்லுது. பொருந்தலன்னு டாக்டர் சொல்லணுமா? இந்தப் பொய்யைச் சொன்னா நாளைக்கு அந்த டாக்டர் எதைச் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அண்ணன்காரனைக் கூப்பிட்டு, நீயே சொல்லிடுப்பான்னு சொல்லுங்க.”

“சொல்ல முடிஞ்சா அவர் ஏன் சார் இங்க வராரு?” என்றார் டெலிபோன் அம்மா.

“அதுக்காகப் பொய்யா?”

“பொய் வேண்டாம். எக்ஸ்சேஞ்சுல நாங்க லைன் கிடைக்கலன்னு சொல்லுவோம். ஏன் கிடைக்கலன்னு சொல்லமாட்டோம். அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிருப்பாங்க, யாரோடயும் பேச வேண்டாம்னு இருப்பாங்க. அது அவங்க விஷயம். இவரை எடுத்துக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லட்டும். நிஜம்தானே? மனசில்லாதவர்கிட்டேர்ந்து எடுக்க முடியாதுதானே?”

“பாதி உண்மை.”

“முழு உண்மை சார். காரணம்தான் இல்ல.”

சட்ட வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வீட்ல விடுவாங்களாம்மா? குடைஞ்சு எடுத்துட மாட்டாங்க?”

“குடையட்டும். என்னைக்காவது வாயைத் திறந்து சொல்லணும்னு அவருக்குத் தோணினா சொல்லட்டும். தோணலன்னா வேண்டாம். அவருக்காக நாமளும் பேசக்கூடாது, வீட்ல இருக்கறவங்களும் பேசக்கூடாது. இத்தனை நாளும் எல்லாரும் அவருக்காகப் பேசினதாலதான் அவர் இங்க வந்து நிக்கறார்.”

நன்றாகப் பேசிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. பிஸ்கட்டை நோக்கிக் கை போனது.

“அவர் வார்த்தையை ஒரு தடவை வாசிச்சுடுங்க” என்றார் குழந்தை டாக்டர்.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசித்தார்.

“என்னைத் தப்பா நினைக்காதீங்க. செத்தா சாகட்டும்னு விடற ஜென்மம் இல்ல நான். ஆனா கொடுப்பியான்னு யாருமே என்னைக் கேக்கல. கொடுத்ததுக்கு அப்புறம் என்ன பண்ணலாம்னுதான் பேசிக்கறாங்க. எட்ட நின்னு பாத்தா நான் நல்லாத் தெரியறேன் போல. கிட்ட வந்தா நான் கலங்கிடுவேன்.”

டெலிபோன் அம்மாவின் கை பிஸ்கட் தட்டிலேயே நின்றது.

அண்ணனைத் திருப்பிப் போட்டால் மகள். தங்கையைத் திருப்பிப் போட்டால் அப்பா. கல்லீரலை எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தை வைத்தால் முன்னறைக் கட்டில். காலையில் வளைத்துக் கொடுத்த கண்ணாடி மூக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? அந்த மேசையில் மருமகளுக்காகப் பேசிய குரல் இது ஒன்றுதான். எழுந்தால் அந்தக் குரல் அழிந்துவிடும். பொய் கூடாது, அவளே வீட்டில் சொல்லட்டும் என்று முடிவாகிவிட்டால்? அவள் சொல்ல மாட்டாள். வாயைத் திறக்காமல் போய்ப் படுத்துக்கொள்வாள். அறுத்து எடுத்துவிடுவார்கள்.

டெலிபோன் அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“என்னம்மா?” என்றார் குழந்தை டாக்டர்.

“நான் வெளிய போகணும்.”

“உடம்புக்கு முடியலையா?” என்று சட்ட வாத்தியார் பதறினார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் இருக்கக்கூடாது.”

ஆலோசகரின் முகம் வெளுத்தது. மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். அந்த அறையில் யார், என்ன, எப்படி என்று கேட்பதில்லை.

“அப்போ நீங்க சொன்னது எதுவும்…” என்று குழந்தை டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார்.

“தெரியும். குறிப்பிலேர்ந்து அடிச்சிடுங்க” என்றார் டெலிபோன் அம்மா. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே ஒரு பெஞ்சு. விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர், “சீக்கிரம் முடிஞ்சுடுச்சாம்மா?” என்றார். “எனக்கு முடிஞ்சுது” என்றார் இவர். கைபேசி உள்ளே கூடையில் இருந்தது. ஒரு வகையில் நல்லது. கையில் இருந்திருந்தால் மருமகளைக் கூப்பிட்டிருப்பார். கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

அவள் மேல் கோபம் வந்தது. ஒரே வீட்டில் இருக்கிறோம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உடனே, நீ கேட்டாயா என்று அவருக்குள்ளேயே ஒன்று கேட்டது. கேட்கவில்லை. அன்று எல்லோரும் அவளைப் பார்த்தபோது அவரும்தான் பார்த்தார். ஊரார் விஷயத்தில் கேட்கத் தெரிந்தவருக்கு வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆலோசகர் கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. “நான் சரியா மாத்தலம்மா.”

“நீ ரொம்ப நல்லா மாத்தினே கண்ணு. அதான் எனக்குத் தெரியாம போச்சு.”

என்ன முடிவாயிற்று என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

*

பிற்பகலில் வெயில் இறங்கும் நேரத்துக்கு டாக்சி வந்து நின்றது. சம்பந்தியைப் படியேற்றிக் கட்டிலில் சாய்த்தார்கள். இடது கையில் பஞ்சுக் கட்டு. டயாலிசிஸ் நாளில் அவருக்குத் தாகம் உயிர் போகும், தண்ணீரோ அளந்துதான். டெலிபோன் அம்மா ஒரு ஐஸ் கட்டியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார்.

“சம்பந்தி, நம்ம லைன் இன்னும் கட் ஆகல” என்றார் அவர், அதை வாயில் போட்டுக்கொண்டு.

நல்ல மனிதர். இதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடலாம்.

சம்பந்தி அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தார். “முடியாதுன்னுட்டாங்க! உங்க பொண்ணை எடுத்துக்க முடியாதுன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா அந்த டாக்டர் ஃபேனைப் பாக்கறார்!”

டெலிபோன் அம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். எடுத்துக்க முடியாது. அவருடைய சொல். அவர் குரலை அடித்த பிறகு, அந்த அறையில் வேறு யாரோ அதை எடுத்துத் தன் குரலில் சொல்லியிருக்க வேண்டும். சட்ட வாத்தியாராகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நாளைக்குப் பார்த்தாலும் நன்றி சொல்ல முடியாது.

விஷயம் கேள்விப்பட்டு மகன் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். “காரணம் சொல்லாம எப்படி? லிஃப்டைப் பூட்டிட்டுக் காரணம் சொல்லாம போனா அந்த அப்பார்ட்மென்ட் ஆளுங்க என்னை உயிரோட விடுவாங்களா? அம்மா, நீ அங்கதானே போறே? ஒரு வார்த்தை கேளு.”

“நான் கேக்கமாட்டேன்டா.”

“ஏன்?”

“கேக்கக்கூடாது. அதான் அங்க முறை.”

“ஊரார் வீட்டு விஷயம்னா மணிக்கணக்கா உக்காந்து பேசறே. நம்ம வீடுன்னா முறையா? சும்மா டீ குடிக்கத்தான் போறியா நீ?”

காலையில் இதே டீதான் வேடிக்கையாக இருந்தது. இப்போது சுட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். மருமகள் உள்ளே வந்தாள். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளிடமும் ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள் போலும்; ஆச்சரியப்படவில்லை. தோள் மட்டும் லேசாக இறங்கியிருந்தது, பாரத்தைக் கீழே வைத்த மாதிரி.

“நீ ஒண்ணும் கவலைப்படாதேடி” என்று சம்பந்தி அம்மாள் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வேற ஆஸ்பத்திரி இருக்கு. வர வழியிலேயே போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. முதல்லேர்ந்து எல்லா டெஸ்ட்டும் எடுப்பாங்க. இவங்க சொன்னா ஆச்சா? கடையில லீவு சொல்லிடு.”

“நானும் வரேன்” என்றான் மகன்.

தோள் மறுபடி ஏறியது. மருமகள் அம்மாவைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். கட்டில் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு தலையாட்டினாள்.

டெலிபோன் அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தெரிந்ததைச் சொல்ல முடியாது. சொன்னால் அந்த அறைக்குத் துரோகம். சொல்லாமல் இருந்தால் திங்கட்கிழமை. அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. பொல்லாத மாமியாராகிவிடலாம். அதற்கு ஒரு ரகசியமும் உடைய வேண்டாம்.

“அவ எங்கயும் வரமாட்டா” என்றார். “நான் அனுப்பமாட்டேன்.”

ஐஸ் கட்டி கிண்ணத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

“என்னம்மா சொல்றே?” என்றான் மகன்.

“எங்க வீட்டுக்கு வந்த பொண்ணை அறுக்கக் கொடுக்க எனக்கு மனசில்ல. அவ்வளவுதான். மேல பேச வேண்டாம்.”

“அவளைப் பெத்தவ நான்!” என்றார் சம்பந்தி அம்மாள்.

“பெத்தவங்க நீங்கதான். இப்போ அவ இந்த வீட்ல இருக்கா.”

“அப்போ இத்தனை நாள் இவருக்கு ஐஸ் கட்டி கொடுத்தது, தலையணை வச்சது, எல்லாம் வேஷமா? மனுஷன் செத்தாலும் பரவாயில்ல, மருமக உடம்புல கீறல் விழக்கூடாது. அதானே?”

“நீங்க எப்படி வேணா வச்சுக்குங்க.”

“அம்மா, நீயா பேசறே?” மகனுக்கு நம்ப முடியவில்லை. “இவ சம்மதிச்சிருக்கா. உனக்கு என்ன வந்தது?”

பேசட்டும். எல்லாப் பழியும் தன் தலையில் விழட்டும். பெண் தப்பித்தால் போதும் என்று டெலிபோன் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த ‘அண்ணனுக்காக’ யாரும் பேசக்கூடாது என்று காலையில் அந்த மேசையில் சொன்னவர் இவர்தான். சாயங்காலம் ஆவதற்குள் அதைச் செய்துகொண்டிருந்தவரும் இவர்தான். அன்பு கண்ணை மறைக்கும்போது இதெல்லாம் எங்கே தெரிகிறது? எனக்குத் தெரிந்திருக்குமா? உங்களுக்கு?

“அத்தை” என்றாள் மருமகள்.

“நீ உள்ள போம்மா.”

“போகமாட்டேன்.”

அவள் கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை. “எனக்காகத்தான் பேசறீங்கன்னு தெரியுது. ஏன் பேசறீங்கன்னு தெரியல. ஆனா ஒண்ணு அத்தை. கொடுன்னு சொல்றவங்களும் என்னைக் கேக்கல. கொடுக்காதேன்னு சொல்ற நீங்களும் என்னைக் கேக்கல.”

டெலிபோன் அம்மாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அறை சரியான கன்னத்தில்தான் விழுந்திருந்தது.

மருமகள் அம்மா பக்கம் திரும்பினாள். “அம்மா, அத்தையை ஒண்ணும் சொல்லாதே. ஆஸ்பத்திரியையும் சொல்லாதே. டெஸ்ட்ல எல்லாம் பொருந்திடுச்சு. நான்தான் மாட்டேன்னு சொன்னேன்.”

சமையலறையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அது நின்றபோதுதான் அது ஓடிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

“என்கிட்டகூட சொல்லல” என்றான் மகன்.

“கேட்டீங்களா?”

அவன் கிரீஸ் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

டெலிபோன் அம்மா அவளைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நின்றுகொண்டிருந்தாள். போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை. இப்போது போனால் அதுவும் அவளுக்காகப் பேசுவதாகிவிடும்.

சம்பந்தி அம்மாள் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். “உன் அப்பாடி அது! உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினவர். மாட்டேன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? ஏன்? ஏன்னு சொல்லு. சொல்லுடி!”

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவளை விடு.”

கட்டிலிலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை கூச்சலிலும் அந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்தது வந்துவிட்ட மாதிரி ஓர் அமைதி. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

“அவளை ஏன்னு கேக்காதே” என்றார் மனைவியிடம். “என்னைக் கேளு. எனக்குத் தெரியும்.”

“அப்பா, வேண்டாம்ப்பா” என்று மருமகள் அலறிவிட்டாள்.

சம்பந்தி அம்மாளின் கைகள் மகளின் தோளிலிருந்து தாமாக நழுவின. அவர் மெல்லத் திரும்பி, தன் கணவரைப் பார்த்தார்.